புதிய ஒலியும் பொறுமையான செவியும்

புதியதோர் ஒலியைப் படைத்துவிடுதல் கலைஞனுக்குப் பாதி வேலையே. அதனை முகஞ்சுளிக்காது கேட்கும் ஒரு செவி வாய்க்கும்பொழுதுதான் மறுபாதி நிறைவெய்துகிறது. கேட்பாரற்றுப் போன பாட்டு, பாடப்படாத பாட்டினும் இரங்கத்தக்கது. இவ்வுண்மைக்கு இலத்திரனியல் இசையின் வரலாறு நல்லதொரு சான்று. அவ்விசை வானொலி நிலையங்களிலே வளர்ந்தது. பின்னர், ஊரறியாத இளைஞரின் படுக்கையறைகளுக்கு அது குடிபெயர்ந்தபொழுதும், அதனை உலகறியச் செய்ததில் வானொலிக்குப் பெரும்பங்குண்டு.

1948ஆம் ஆண்டிலே, பிரெஞ்சு வானொலியில் பொறியியலாளராயிருந்த பியேர் ஷேபர் என்பவர், புகையிரதங்களின் ஓசையைத் தட்டுகளிற் பதிந்தார். பதிந்தவற்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டும், வேகத்தை மாற்றியும், ஒன்றோடொன்று இணைத்தும் இசையாக்கி ஒலிபரப்பினார். அடுத்த சில ஆண்டுகளில், ஜேர்மனியின் கொலோன் நகர வானொலியிலே, ஹேர்பேட் ஐமேட் என்பாரின் தலைமையில் ஓர் இசைக்கூடம் எழுந்தது. அங்கே தந்தியுமில்லை, துளையுமில்லை, மின்னலைகளே நாதமாயின. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இலண்டனில் மெய்டா வேல் என்னுமிடத்திலிருந்த பி.பி.சி. கட்டடத்திலே வானொலி ஒலிப் பட்டறை ஒன்று திறக்கப்பட்டது. அதனை நிறுவ முன்னின்றோர் டாப்னி ஓராம் என்னும் பெண்மணியும் டெஸ்மண்ட் பிறிஸ்கோவும் ஆவர்.

இக்கூடங்களின் கருவிகள் பெருவிலையுடையன. ஓர் அறையையே நிறைப்பன. அவற்றை வாங்கவல்லவை பெரு நிலையங்களே. ஆகவே அந்நிலையத்தின் வாயிலைக் கடந்தோர்க்கன்றிப் பிறர்க்கு அவ்விசை கைக்கெட்டாததாயிற்று. வாயிலைக் கடந்தோர்க்கும் பெயர் கிடைத்ததென்று சொல்வதற்கில்லை. டீலியா டாபிஷயர் என்பார் கேம்பிறிட்ஜிற் கணிதமும் இசையும் கற்றவர். பட்டம் பெற்றபின் புகழ்வாய்ந்த இசைத்தட்டு நிறுவனமொன்றில் வேலை கேட்டபொழுது, ஒலிப்பதிவுக் கூடத்திற் பெண்களை அமர்த்துவதில்லை என்ற விடையே கிடைத்தது. 1960இல் அவர் பி.பி.சி.யிற் சேர்ந்தார்; 1962இல் ஒலிப் பட்டறைக்கு வந்தார். அடுத்த ஆண்டு, 'டாக்டர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு றொன் கிறெயினர் எழுதிய முகப்பிசைக்கு ஒலிவடிவம் கொடுத்தார். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நாடாவிற் பதிந்து, அளந்து, கத்தியால் வெட்டி, ஒட்டி அமைத்த வேலை அது. அவ்வொலிவடிவைக் கேட்டு வியந்த கிறெயினர், ஆக்கத்தின் உரிமையிலே அவருக்கும் பங்களிக்க விரும்பினார். நிலையத்தின் விதிகள் அதற்கு இடந்தரவில்லை. திரையிலே அவர் பெயருக்குப் பதிலாகப் பட்டறையின் பெயரே வந்தது. இலட்சக்கணக்கானோர் அவ்விசையைக் கேட்டனர். ஆக்கியவரை அறிந்தோர் மிகச் சிலரே.

காலம் மாறியது. 1964ஆம் ஆண்டளவில், அமெரிக்காவிலே றொபேட் மூக் என்பவர் 'சிந்தசைசர்' எனப்படும் ஒலித்தொகுப்புக் கருவியை அமைத்தார். 1970இல் மேடைக்குத் தூக்கிச் செல்லத்தக்க சிறு வடிவம் வந்தது. அதன்பின் ஜப்பானியக் கம்பனிகளான கோர்க்கும் றோலண்டும் விலை குறைந்த கருவிகளைச் சந்தைக்குக் கொணர்ந்தன. ஒரு காலத்திற் பெருநிலையங்களுக்கே உரியதாயிருந்த வசதி, மாதச் சம்பளம் பெறும் இளைஞனின் கைக்கும் வந்துவிட்டது. கருவி கிடைத்துவிட்டது, கேட்போரை எங்ஙனம் தேடுவது என்பதே அடுத்த வினா.

அவ்வினாவுக்கு விடைகண்ட ஆண்டு 1978. இலண்டனிலே திரைப்படத் தொகுப்புத் தொழில் புரிந்த டானியேல் மில்லர் என்பவர், பிறர் பாவித்த கோர்க் கருவி ஒன்றையும் நாற்தட ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் வாங்கினார். வீட்டிலிருந்தே இரண்டு பாடல்களைப் பதிந்தார். ஐந்நூறு இசைத்தட்டுகள் அச்சிட்டால் விற்றுத் தீர்க்கலாம் என்பது அவர் எண்ணம். மாதிரித் தட்டுடன் 'றவ் டிரேட்' என்னும் கடைக்குச் சென்றார். கடையினர் அதனை அங்கேயே கேட்டனர். இரண்டாயிரம் அச்சிடுமாறு கூறி, விநியோகத்தையும் ஏற்றனர். 'த நோர்மல்' என்ற புனைபெயரில் அத்தட்டு வெளிவந்தது. அதற்காக அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'மியூட்'. ஓசையற்றது என்று பொருள். தட்டின் உறையிலே தம் விலாசத்தை அச்சிட்டிருந்தார். வேறெங்கும் வரவேற்புப் பெறாத இளைஞர்கள் தத்தம் ஒலிநாடாக்களை அவ்விலாசத்துக்கு அனுப்பலாயினர். தம் பாடலுக்குச் செவி தேடிப் புறப்பட்டவர், பிறர் பாடல்களுக்குத் தாமே செவியாக மாறினார்.

1977இல், உருக்குத் தொழிலுக்குப் பேர்போன ஷெபீல்ட் நகரிலே, கணினி இயக்குநர் இருவரும் வைத்தியசாலைச் சிற்றூழியர் ஒருவரும் கூடி 'ஹியூமன் லீக்' என்னும் குழுவாயினர். அவர்கள் பதிந்த நாடா எடின்பரோ நகரிலிருந்த ஒரு சிறு நிறுவனத்துக்குச் சென்று 1978இல் இசைத்தட்டாயிற்று. அவ்வாண்டிலேயே பி.பி.சி. அவர்களை அழைத்துப் பாடல்களைப் பதிவு செய்தது. அழைப்பு வந்தது ஜோன் பீல் என்பாரின் நிகழ்ச்சிக்காக.

1939இற் பிறந்த பீல், 1967இல் பி.பி.சி.யின் முதலாம் வானொலி தொடங்கிய நாள்தொட்டு, 2004இல் பெரு நாட்டிலே காலமாகும்வரை, அவ்வலைவரிசையில் இசை வழங்கினார். பாடகருமல்லர், இசைப் புலவருமல்லர். அவர்தம் திறமை கேட்டலே. பெருநிறுவனத்தின் தட்டு, சிற்றூர் இளைஞன் தபாலிலனுப்பிய நாடா என்ற வேற்றுமை அவரிடமில்லை. ஜேர்மன் குழுவாகிய 'டாஞ்சரின் ட்றீம்' 1973இல் வெளியிட்ட இலத்திரனியல் இசைத்தட்டை, இங்கிலாந்திற் பலர் அறியாதிருந்தபொழுது, அவ்வாண்டின் சிறந்த இறக்குமதித் தட்டென்று போற்றியவர் அவரே. அக்காலத்தில் வானொலியில் இசைத்தட்டு ஒலிக்கும் நேரத்துக்கு ஒப்பந்த வரையறை இருந்தமையால், கலைஞரை நேரில் அழைத்துப் பதிவு செய்யும் வழக்கம் ஓங்கியது. பீலின் நிகழ்ச்சிக்காக அங்ஙனம் பதிவானவை நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. பங்குபற்றிய குழுக்களும் கலைஞரும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர். பதிவுகளிற் பல மெய்டா வேலிலேயே நிகழ்ந்தன. டாபிஷயர் நாடாவை வெட்டி ஒட்டிய அதே கட்டடத்துக்குள், வீட்டு மூலையில் இசை கற்றோர் வெளிவாயிலால் நுழைந்து தம் சொந்தப் பெயரோடு ஒலித்தனர்.

1980இல் மில்லர் மற்றொரு குழுவைக் கண்டார். எசெக்ஸ் பகுதியின் பாசில்டன் என்னும் புதுநகரைச் சேர்ந்த அவ்விளைஞர் நால்வரின் குழுவுக்கு 'டிப்பேஷ் மோட்' என்று பெயர். எழுத்தில் ஒப்பந்தமின்றிக் கைகுலுக்கிய சொல்லின்மீதே இரு பகுதியாரும் இணைந்தனர். 1981இல் முதற்றட்டு வெளிவந்தது. பிற்காலத்தில் அக்குழு உலகின் பெருமைதானங்களை நிரப்பியது. அந்த வருவாயின் ஆதரவில், இலாபம் குறைந்த கலைஞர் பலரையும் மியூட் வளர்த்தது.

இக்காலத்திலே வாயில்கள் மேலும் விரிந்துள்ளன. இளங்கலைஞர் அனுப்பும் பதிவுகளை ஒலிபரப்புவதற்கென பி.பி.சி. 2007இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2008இல் வந்த 'பாண்ட்காம்ப்' என்னும் இணையத்தளத்திலே, கலைஞன் தன் ஆக்கத்தைக் கேட்போர்க்கு நேரே விற்கலாம். கருவிக்கும் பஞ்சமில்லை, வெளியீட்டுக்கும் தடையில்லை. ஆயின் ஒருவனுடைய நாளுக்கு இருபத்துநான்கு மணித்தியாலங்களே. பெருகியிருப்பது ஒலி, அருகியிருப்பது செவி. முன்னர் வாயிற்காவலன் தடுத்தான். இன்று கூட்ட நெரிசல் மறைக்கின்றது.

இந்நெரிசலிற் புதியவரைக் காணும் வழியும் பழைய வரலாற்றிலேயே உண்டு. ஒரு தட்டு மனத்திற்பட்டால், அதனை வெளியிட்ட சிறு நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொள்வோர், அதன் ஏனைய கலைஞரையும் அறிவர். நல்ல தேர்ச்சியுள்ள ஓர் ஒலிபரப்பாளரைத் தொடர்ந்து கேட்போர், தாமாகத் தேடிக் காணாதனவற்றையும் காண்பர். முதல் முறை செவிக்கு முரடாய்த் தோன்றியதை மறுநாள் மீண்டும் கேட்பதும் நற்பழக்கமாகும். பிடித்ததை விலைகொடுத்து வாங்குவதும், ஆக்கியோன் பெயரை நண்பரிடம் சொல்லுவதும் கேட்போரின் கடமையிற் சேர்ந்தவை.

பெயரைச் சொல்லுதல் சிறு செயலன்று. டீலியா டாபிஷயர் 2001இற் காலமானார். அவர் வீட்டுப் பரணிலே 267 ஒலிநாடாக்கள் இருந்தன. அவை இப்பொழுது மன்செஸ்டரிற் பேணப்படுகின்றன. அத்தொடரின் முகப்பிசைக்கு உரியவராக அவர் பெயர் திரையில் முதன்முறை தோன்றியது, ஐம்பதாவது ஆண்டு நிறைவான 2013இலேயாம். அதனைக் காண அவர் உயிரோடில்லை. இன்றிரவும் எங்கோ ஒரு சிற்றறையிலே, எவரும் கேட்டிராத ஒலி ஒன்று பிறந்துகொண்டிருக்கும். அதனை ஆக்கியவர் வாழும் நாளிலேயே அவர் பெயர் அறியப்படுமா என்பது கேட்போர் கையிலேயே உள்ளது.