ஆனையும் யானையும்: பாறசாலை வழியே ஓர் ஊர்தியின் வரலாறு

ஆண்டுதோறும் நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள் முன்னதாகப் பத்மநாபபுரத்திலிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் செல்வர். தேவாரக்கெட்டு சரசுவதி மட்டும் யானைமீது அமர்ந்து செல்வாள். அரசரின் உடைவாள் உடன்வர, ஊர்வலம் குழித்துறையில் ஓர் இரவு தங்கி, களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, பாறசாலை மகாதேவர் கோயில் வழியாக நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலை அடைந்து இரண்டாம் இரவைக் கழிக்கும். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். தலைநகர் பத்மநாபபுரத்தை விட்டு நீங்கிய பின்னர் ஏற்பட்ட வழக்கம் இது. சுவாதித் திருநாள் காலத்தில் (1829-1846) தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. அந்தச் சரசுவதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது மரபு. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவிபாடும் என்பார்கள். அந்த வீட்டுத் தெய்வத்தைச் சுமப்பதோ தறியில் கட்டப்பட்டு வளர்ந்த விலங்கு.

யானை எதையும் கொல்லாத, இலையும் புல்லும் பட்டையும் தின்று வாழும் பெரிய விலங்கு. மனிதனைத் தன் முதுகில் ஏற்றிக்கொள்ளும் சாது. பள்ளிப்பாடங்களும் கோயில் தலபுராணங்களும் வரைந்து வைத்திருக்கும் படம் இதுதான். தென்திருவிதாங்கூரின் எல்லைப்புறத்தில் வழங்கும் சொற்களைக் கூர்ந்து பார்த்தால் இந்தப் படத்துக்குள் இன்னொன்று தெரிகிறது. அதற்குமுன் அந்த விலங்கின் பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையின் தென்பகுதி ஊர்களிலும் தமிழ் பேசுவோர் ‘ஆனை’ என்பர். அண்டை வீட்டு மலையாளி ‘ஆன’ என்பார். தமிழ்நாட்டிலிருந்து வரும் படித்தவர் காதுக்கு முன்னது கொச்சை. கேரளத்துப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது மலையாளம் கலந்த தமிழ். இரண்டும் தவறு. தமிழில் சொல்முதல் ‘யா’ பெரும்பாலான சொற்களில் ‘ஆ’ ஆகிவிட்டது. யாண்டு ஆண்டாயிற்று, யாடு ஆடாயிற்று, யாமை ஆமையாயிற்று, யாறு ஆறாயிற்று. அதே ஒழுங்கில் யானை ஆனையாவது முற்றிலும் இயல்பான ஒலிமாற்றம். கன்னடத்தில் ஆனெ, தெலுங்கில் ஏனுகு. பின்னதில் உள்ள ஏகாரம் பழைய யகரத்தின் தடம். சோழர் கல்வெட்டுகளும் ‘ஆனை’ என்றே எழுதின: போர்க்களத்தில் யானைமீதே இறந்த அரசரை ‘ஆனைமேல் துஞ்சின’ என்ற அடைமொழியால் குறித்தன. பிற்கால எழுத்துத் தமிழ் நூல்மரபைக் கொண்டு யானையை மட்டும் மீட்டுக்கொண்டது. ஆட்டையும் ஆமையையும் அப்படியே விட்டுவிட்டது. இன்று யாரும் ‘யாடு மேய்க்கிறேன்’ என்பதில்லை. நெய்யாற்றின்கரை என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் ‘ஆறு’ எவ்வளவு நல்ல தமிழோ, அவ்வளவு நல்ல தமிழ் அவ்வூரார் வாயில் வரும் ‘ஆனை’யும்.

இதற்காக ‘ஆன’ என்று தொடங்கும் ஒவ்வோர் ஊர்ப்பெயரிலும் யானையைக் கட்டிவிடக் கூடாது. பாறசாலைக்கு அருகே ஆனாவூர் என்றோர் ஊர் உண்டு. ஆன் என்றால் பசு என்பதையும் நினைவிற்கொண்டால், பழைய ஆவணச் சான்றின்றி அந்தப் பெயரை எந்த விலங்கின் கணக்கிலும் எழுத முடியாது.

நெய்யாறு அகத்தியமலையில் பிறக்கிறது. சங்கப் பாடல்கள் பொதியில் என்று அழைத்த அம்மலைப்பகுதியே ஆய் வேளிரின் நிலம். ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் திரும்பத் திரும்ப வியப்பது அவன் பரிசிலர்க்கு யானைகளை வழங்கிய வள்ளன்மையை. புலவர் உயர்வு நவிற்சி என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒதுக்காமல் பொருளியலாகவும் படிக்கலாம். தென்னாட்டு அரசர்களுக்குக் குதிரை கடல்வழி வந்த விலையுயர்ந்த சரக்கு. யானையோ மலையில் இருந்தது. சமவெளி அரசர்களிடம் நெல் இருந்தது. மலையடிவாரத் தலைவனிடம் யானை இருந்தது. பாண்டியர்க்கும் சேரர்க்கும் இடையில் நெருக்குண்டிருந்த ஒரு சிறு அரசு அவ்வளவு நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு அந்த மலை வளமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. ஆய் மன்னரின் இலச்சினை யானை. கருநந்தடக்கன் என்ற ஆய் மன்னன் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்று, 866 இல் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் தொண்ணூற்றைந்து சட்டர் பயிலும் சாலையும் நிறுவியதை அவனது செப்பேடு கூறுகிறது. இன்றைய பார்த்திவபுரமான அவ்வூர் பாறசாலைக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், எல்லைக்கு அப்பால் இருக்கிறது. பிற்காலத் திருவிதாங்கூர் இலச்சினையில் சங்கைக் காத்து நிற்கும் இரு யானைகளும் ஆய்களிடமிருந்து வந்தவை என்று கூறுவோர் உண்டு. கவர்ச்சியான கருத்து. இடையிலுள்ள பல நூற்றாண்டுகளைத் தாண்ட அது ஒன்றே போதாது.

யானையின்மீது ஏறியவர்கள் போருக்கு மட்டும் ஏறவில்லை. சோழர் செப்பேடுகளில் நிலக்கொடை முறைமையைக் கூறும் பகுதியில் ‘பிடி சூழ்தல்’ என்றொரு தொடர் வரும். கொடுக்கப்பட்ட ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்திச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு உறுதிசெய்வார்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஊர் கொடுத்த ஆனைமங்கலச் செப்பேட்டிலும் இம்முறை காணப்படுகிறது. நில அளவைக்கு யானை எதற்கு? புதரும் பள்ளமும் நிறைந்த எல்லையில் வழி திறந்து நடக்கக்கூடியது அது. அதன்மேல் இருப்பவருக்கு ஊர் முழுதும் தெரியும். ஊர் முழுதுக்கும் அவரைத் தெரியும். ஆவணம் படிக்கத் தெரியாத உழவனுக்கும் அந்த நடை நினைவிருக்கும். களிறு அன்று, பிடி என்பதும் கவனிக்கத் தக்கது: மதம் கொண்ட ஆண்யானையை நெல்வயல் வரப்பில் நடத்த யாரும் துணியமாட்டார்கள்.

பிடி சூழ்தலோடு சேர்ந்தே வரும் ‘பிடாகை’ என்ற சொல் பிற்காலத்தில் நாஞ்சில்நாட்டில் ஊர்த்தொகுதியைக் குறித்தது. பன்னிரண்டு பிடாகை என்பது அந்நாட்டின் பழைய பிரிவு. பிடி நடந்த இடமே பிடாகை என்று விளக்கிவிடும் ஆசை எழும். பல்லவர் செப்பேடுகளில் அது ‘படாகை’ என்று வருவதால் அந்த விளக்கம் நிற்காது. ஒன்று மட்டும் உறுதி: ‘பிடி’ என்ற பெண்யானைப் பெயர் தமிழ்நாட்டு வழக்கில் ஏறக்குறைய மறைந்து, செய்தித்தாள்களில் ‘பெண் யானை’ என்றாகிவிட்டது. பாறசாலைப் பகுதியில் ‘பிடியான’ என்று இன்றும் சொல்கிறார்கள். தந்தமுள்ள ஆண் கொம்பன். தந்தமில்லா ஆண் மோழை. தமிழில் மோழை என்பது கொம்பில்லாத மாட்டுக்குரிய சொல். தந்தத்தையும் கொம்பு என்றே கொண்ட மக்கள் அதை யானைக்கும் நீட்டினார்கள். தமிழ்நாட்டு வனத்துறைச் செய்திகளில் அதே விலங்கு ‘மக்னா’.

தோட்டி என்ற சொல்லின் கதை இன்னும் கூர்மையானது. சங்க இலக்கியத்தில் தோட்டி என்றால் யானையை அடக்கும் அங்குசம். இன்று தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்பவர் மனத்தில் வருவது சாதி இழிவின் வடு மட்டுமே; சங்கப்பாட்டில் வரும்போது உரையாசிரியர் துணையின்றி மாணவர்க்குப் பொருள் தெரிவதில்லை. களியக்காவிளைக்கு வடக்கே பலா மரத்தில் காய் பறிக்கும் கொக்கி கட்டிய நீண்ட கழி தோட்டி; ஆனைக்காரன் கையில் இருப்பதும் தோட்டி. உரை தேவைப்படாத ஒரு சங்கச் சொல் முற்றத்து மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அது மலையாளம் என்று அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளே நம்புகிறார்கள்.

தோட்டி இருக்கிறதென்றால் அடக்கப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது என்று பொருள். நாயும் மாடும் போல யானை பல தலைமுறை தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்டு வீட்டு விலங்கானதன்று. கன்று வயிற்றில் இருப்பது ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம். வேலைக்கு உதவும் வயது வரப் பல ஆண்டுகள். அதுவரை நாளும் பெருந்தீனி போட்டு வளர்ப்பதைவிடக் காட்டிலிருந்து பிடிப்பதே மலிவு என்பது அரசர்களின் கணக்கு. எனவே ஒவ்வொரு தலைமுறையும் காட்டிலிருந்தே வந்தது. சங்கத் தமிழில் ‘பயம்பு’ என்றால் யானை விழும் குழி. திருவிதாங்கூரில் அதுவே வாரிக்குழி: ஆழத் தோண்டி, கழியும் இலையும் பரப்பி, மண் தூவி மறைத்தது. விழுந்த யானையைப் பழக்கிய யானைகளைக் கொண்டு கயிறு கட்டி ஏற்றி, கொன்னி போன்ற இடங்களில் இருந்த பெருமரக் கூட்டுக்குள் அடைத்தனர். பசி, கயிறு, தோட்டி, பிறகு ஒரு கவளம், ஓர் இனிய சொல். சாதுத்தன்மை பிறந்தது அங்கேதான்.

இதைப் பழைய நூலோர் மறைக்கவும் இல்லை. திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் த. கணபதி சாஸ்திரி 1910 இல் பதிப்பித்த, கேரளத்து நீலகண்டர் இயற்றிய ‘மாதங்கலீலை’ பன்னிரண்டு பகுதிகள் கொண்ட யானை நூல். பிராங்க்ளின் எட்கர்ட்டன் 1931 இல் அதை ஆங்கிலத்தில் தந்தார். யானைகள் முன்பு வானில் விரும்பியபடி திரிந்தன என்றும், ஆலமரக் கிளையொன்றில் அவை அமரக் கிளை முறிந்ததால் சினந்த தீர்க்கதபசு என்ற முனிவர், மனிதர்க்கு ஊர்தியாகுக என்று சபித்தார் என்றும் அது தொடங்குகிறது. ஊர்தியாவது யானையின் இயல்பு என்று அந்நூலுக்குத் தோன்றவில்லை. அதற்கொரு சாபம் தேவைப்பட்டிருக்கிறது. பிடிபட்டு ஊருக்குள் கொண்டுவரப்பட்ட யானை காட்டு வாழ்வை நினைந்து உடலும் மனமும் வாடி மடிவதையும் அதே நூல் கூறுகிறது. யானை கட்டும் தொழிலின் உள்ளிருந்தே எழுதப்பட்ட நூல் இது. வெளியிலிருந்து வந்த பரிவு அன்று.

ஆணைச் சொற்களிலும் இந்த இரட்டைத் தன்மை உறைந்து கிடக்கிறது. கேரளத்துப் பாப்பான் யானையிடம் ‘இடத்தானே’, ‘வலத்தானே’, ‘நடயானே’ என்கிறான். ஒவ்வோர் ஆணையின் வாலிலும் ‘ஆனே’ என்ற விளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நட என்றால் போதும். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அவ்வளவு பெரிய உடம்பை யாரும் திருப்புவதில்லை. கட்டளையும் கொஞ்சலும் ஒரே சொல்லில் புணர்ந்துவிட்டன. இலக்கணத்தில் ஏவலும் விளியும் இப்படி இறுகிய சான்றுகள் அரிது.

யானைமேல் ஏறுவது ஏறுபவனுக்கும் எப்போதும் பாதுகாப்பாக இருந்ததில்லை. 949 இல் தக்கோலத்தில் இராசாதித்தன், 1054 இல் கொப்பத்தில் இராசாதிராசன்: உயரத்தில் அமர்ந்தவன் எல்லா அம்புக்கும் தெரிந்தான். பீரங்கியும் துப்பாக்கியும் வந்தபின் அந்த உயரத்துக்குப் போரில் பயனே இல்லை. 1741 இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மரின் அரசில் யானை பெரும்பாலும் மரம் இழுத்தது, ஊர்வலம் சென்றது. காட்டு யானைக்கும் தேக்குக்கும் அரசே உரிமை கொண்டாடிய நாடு அது. பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் சரசுவதியின் யானை இந்த மாற்றத்தின் எச்சம்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. யானைச் சொற்களும் அதே கோட்டில் அறுந்தன. ஒருபுறம் பாடநூல் யானை, பெண் யானை, அங்குசம். மறுபுறம் ஆன, பிடியான, தோட்டி. வடபுறத் தமிழர் வீடுகளில் பேச்சுத்தமிழ் ஒவ்வொரு தலைமுறையிலும் மெலிந்துவருகிறது. அவர்கள் வாயில் எஞ்சியிருக்கும் பழந்தமிழ்ச் சொற்களை எல்லைக்குத் தெற்கே உள்ள தமிழ்த்துறைகள் வட்டார வழக்கு அகராதிகளில் சேர்ப்பதற்குத் தயங்குகின்றன. அவை மலையாள அகராதியில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதே காரணம். தமிழ் அகராதியியலில் இதைவிட விந்தையான காரணம் இருக்க முடியாது. ஒரு சொல் பக்கத்து மொழியிலும் இருப்பது அதன் பழமைக்குச் சான்று.

1977 இல் யானை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது, வாரிக்குழிகள் தூர்ந்தன. கோட்டூர்க் காப்புக்காட்டில், அகத்தியமலை அடிவாரத்தில், வனத்துறையின் யானை மறுவாழ்வு மையம் நடக்கிறது. தாயைப் பிரிந்த கன்றுகளும் பணி முடிந்த முதிய யானைகளும் அங்கே நெய்யாற்று நீரில் குளிக்கின்றன. ஆய் அண்டிரன் எந்த மலையின் யானைகளை வாரி வழங்கினானோ அந்த மலையின் நிழல்தான்.

பாறசாலைப் பேருந்துப் பணிமனையில் வேறொரு யானை நிற்கிறது. திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்து 1938 பிப்ரவரியில் தொடங்கியது. அரச இலச்சினையின் இரு யானைகள் பேருந்தின் பக்கவாட்டில் ஏறின. அரசு போன பின்னும் இறங்கவில்லை. மக்கள் அதற்கு ‘ஆனவண்டி’ என்று பெயரிட்டார்கள். களியக்காவிளை நிறுத்தத்தில் தமிழ்நாட்டுப் பேருந்திலிருந்து இறங்கி வடக்கே போக வேண்டியவர், தமிழரோ மலையாளியோ, ‘ஆனவண்டி வந்தாச்சா?’ என்றுதான் கேட்கிறார்.