'நாங்களாதான் வந்தோம்'னு சொன்னாலும் ஆள் கடத்தல் வழக்கு நிற்குமா? சட்டம் சொல்வது என்ன?

செங்கல் சூளை, அரிசி ஆலை போன்ற இடங்களில் சோதனைக்குப் போகும் அதிகாரிகள் அடிக்கடி கேட்கும் பதில் இது: "யாரும் கடத்தலைங்க, அட்வான்ஸ் வாங்கிட்டு நாங்களாதான் வந்தோம்." முதலாளி பக்கத்தில் நிற்கும்போது வேறு பதில் வராது. அதை அப்படியே எழுதிக்கொண்டு அதிகாரிகள் கிளம்பிவிட்டால், வழக்கு அங்கேயே முடிந்தது.

சம்மதம் இருந்தால் குற்றம் இல்லையா?

குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதா 143-வது பிரிவின்படி, மிரட்டியோ ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காக வேலைக்குச் சேர்ப்பதும், அழைத்துச் செல்வதும், தங்க வைப்பதும் ஆள் கடத்தல். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது கணக்கில் வராது. தண்டனை 7 முதல் 10 ஆண்டுகள். ஒன்றுக்கும் மேற்பட்டவர்களைக் கடத்தினால் ஆயுள் தண்டனை வரை போகலாம். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவு பொருந்தும்.

எஃப்ஐஆரில் எந்தப் பிரிவு?

வழக்கின் பலம் இதில்தான் இருக்கிறது. 1976-ம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் மட்டும் வழக்குப் போட்டால் அதிகபட்ச சிறை 3 ஆண்டுதான். அதனால் ஆள் கடத்தல் பிரிவையும் சேர்ப்பது முக்கியம். தொழிலாளர்களை முதலாளியிடமிருந்து பிரித்து, தனித்தனியாக, அவர்களுக்குத் தெரிந்த மொழியில் விசாரித்தால்தான் உண்மை வெளியே வரும். அட்வான்ஸ் எழுதிய கணக்கு நோட்டு, ஏஜென்ட்டின் போன் அழைப்புகள், பணம் அனுப்பிய விவரம் ஆகியவை முக்கிய ஆதாரங்கள். மாஜிஸ்திரேட் முன்பு வாக்குமூலமும் பதிவு செய்யலாம்.

ஒரு சான்றிதழ் ஏன் இவ்வளவு முக்கியம்?

தமிழ்நாட்டில் கொத்தடிமைகளை விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தருபவர் வருவாய் கோட்டாட்சியர். சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. 'இது கொத்தடிமைக் கடன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியதும் கடன் கொடுத்தவர்தான். சான்றிதழ் கையில் இல்லாமல் ஊருக்கு அனுப்பிவிட்டால், ஏஜென்ட் அதே கடனைச் சொல்லி வீட்டு வாசலில் வந்து நிற்பான்.

பணம் எப்போது கிடைக்கும்?

மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம். இதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முழுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள், குழந்தைகளுக்கு 2 லட்சம், கடுமையான சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய். ஆனால் இது வழக்கின் முடிவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தால் மறுவாழ்வும் இழுக்கும்.

சாட்சிகள் பெரும்பாலும் வெகுதூரத்தில் இருக்கும் ஊர்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கூலியை விட்டுவிட்டு கோர்ட்டுக்கு வருவது அவர்களுக்குச் சிரமம். அதனால் வீடியோ கான்பரன்ஸ் மூலம் சாட்சியம் பெறுவதும், 2018-ம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் பாதுகாப்பு கேட்பதும் அரசு வழக்கறிஞர்களின் கையில் உள்ள முக்கிய வழிகள்.

யாரிடம் சொல்வது?

அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் 'ஜீரோ எஃப்ஐஆர்' பதிவு செய்யலாம்.