பழவேற்காட்டு மழைத்தொட்டியும் அதன் ஓவர்ஃப்ளோ குழாயும்

பழவேற்காடு ஏரியின் நீர் வடகிழக்குப் பருவமழையின்போது உப்புக் குறையும். கோடையில் கடல்நீரைவிடவும் உப்பேறும். எந்தப் பருவத்திலும் அது குடிக்க உதவாது. அதனால் லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம் போன்ற மீனவ ஊர்களுக்கு மணல்மேடே ஆதித் தண்ணீர்த்தொட்டி. மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், அதன்மேல் மிதந்து நிற்கும். மேட்டோரம் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடத்தில் மொண்டு சுமந்தது இந்த நீரைத்தான். ஊற்றை அதிக ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும்; மழை பொய்த்த ஆண்டிலும் அப்படியே.

இதன் கணக்கை நெதர்லாந்தின் பதோன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பர்க் 1901இலும் தனித்தனியே எழுதினார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் தாங்கும். மேலே ஒரு சாண் குறைந்தாலும் கீழே பல மீட்டர் உப்பு ஏறும். 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் தாயகத்திலும் இதே மணல்தான் தண்ணீர் தந்தது. ஆம்ஸ்டர்டாம் நகருக்கு 1853 முதல் கடலோர மணற்குன்றுகளிலிருந்து குடிநீர் வந்தது. எடுக்கும் நீர் மிகுந்து குன்றுகளில் உப்பு ஏறத் தொடங்கியதால், 1957 முதல் ஆற்றுநீரைக் கொண்டுவந்து மணலில் இறக்கினார்கள். பழவேற்காட்டுக்குத் தெற்கே மீஞ்சூர்ப் பகுதியில், சென்னைக்காக ஆழ்குழாய்க் கிணறுகள் இறைத்ததைத் தொடர்ந்து கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. அங்கே இறைத்ததற்கு ஈடாக மணலுக்கு நீர் திரும்பிப் போகவில்லை.

குப்பங்களில் வீட்டுக்கு வீடு மழைத்தொட்டி வராததற்குக் காரணம் கூரை. பனையோலை, தென்னங்கீற்று வேய்ந்த கூரையிலிருந்து வடியும் நீர் பழுப்பேறி, நாற்றமடிக்கும். அது பாத்திரம் கழுவவே ஆகும். மழை நாளில் இறவாணத்தின் கீழ் அண்டாவும் குடமும் வைப்பார்கள். நிரம்பியதும் வேறொன்றை மாற்றி வைப்பார்கள். ஓட்டுக்கூரையும் காங்கிரீட் தளமும் வந்த பிறகே மழைநீரை நிலையான தொட்டியில் பிடிக்க வழி பிறந்தது. பாத்திரத்தை மாற்ற முடிந்த காலம் வரை, மிகுதி நீரை வெளியேற்றும் ஓவர்ஃப்ளோ தேவைப்படவில்லை. அசையாத தொட்டிக்கு அது இல்லாமல் தீராது.

மிகுதி நீருக்கு வழிவிட வேண்டும் என்ற அறிவு தொண்டை மண்டலத்துக்குப் புதிதன்று. பக்கத்துப் பொன்னேரி வட்டார உழவர் ஏரியைக் காத்ததே கலங்கலால்தான். கரையில் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல்லால் கட்டி, மிகுதி நீரை அடுத்த ஏரிக்கு அனுப்பும் அமைப்பு அது. அதன்மேல் குத்துக்கற்கள் நட்டிருக்கும். பருவமழை முடியும் தறுவாயில் அவற்றிடையே பலகையும் களிமண்ணும் அடைத்து, ஒரு முழம் கூடுதலாக நீர் தேக்குவார்கள். அவசரப்பட்டு முன்னதாக அடைத்தால் கரை உடையும். எவ்வளவு நீர் வரும், எவ்வளவு வெளியேற வேண்டும் என்ற கணக்கு அங்கே ஊர்ப் பொறுப்பு. வீட்டுத் தொட்டிக்கு வந்தபோது அந்தக் கணக்கு ஏனோ மறந்துபோயிற்று.

2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கரையோரங்களில் 325 சதுர அடி அளவிலான காங்கிரீட் வீடுகள் எழுந்தன. அந்த அளவுள்ள தளம் ஏறத்தாழ 30 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் அதில் 3,000 லிட்டர் விழும்; ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரைக்கு அப்படிப்பட்ட நாள் அரிதன்று. 1,000 லிட்டர் தொட்டியோ முதல் 4 செ.மீ. மழையிலேயே நிரம்பிவிடும். அன்றைய மழையில் பாதிக்கு மேல் போவது ஓவர்ஃப்ளோ வழியாகத்தான்.

அந்தக் குழாயின் அளவிலேயே பிழை நேர்கிறது. மணிக்கு 10 செ.மீ. வேகத்தில் கொட்டும் மழை அந்தத் தளத்திலிருந்து விநாடிக்கு 0.8 லிட்டருக்கு மேல் அனுப்பும். தொட்டியின் பக்கச் சுவரில் பொருத்திய ஓர் அங்குலக் குழாய், மேலே சில செ.மீ. நீர் நின்றாலும், அதில் பாதியைக்கூட வெளியேற்றாது. மீதி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து சுவரடியை அரிக்கும். மணலில் எழுந்த வீட்டுக்கு இது பெருங்கேடு. இரண்டு அங்குலம் போதும்; உள்வரும் குழாயைவிடச் சிறிதாக ஓவர்ஃப்ளோவை வைக்கக்கூடாது என்பதே நல்ல விதி. அதன் வாய் உள்வரும் குழாய்க்குக் கீழே இருக்க வேண்டும். உப்புக்காற்றில் இரும்புக் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் பிவிசிதான் நிலைக்கிறது.

குழாய் முனையில் நுண்வலை கட்டாயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும், சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சியும் தொட்டி நீரில் முட்டையிடுபவை. வலையில் சருகு சேர்ந்தால் குழாய் அடைபடும். மழைக்கு முன் அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். கருவாடு உலர்த்தும் மாடியாக இருந்தால் முதல் மழைநீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட வேண்டும். தொட்டியைப் பெரிதாகக் கட்டினாலும் ஓவர்ஃப்ளோ இல்லாமல் தீராது. இலங்கையில் 1995இல் உலக வங்கி உதவியோடு பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 5,000 லிட்டர் மழைத்தொட்டிகள் கட்டத் தொடங்கினார்கள். கம்பிவலைமேல் சிமெண்ட் பூசிய பூசணி வடிவத் தொட்டி அங்கிருந்து பரவியது. அவ்வளவு பெரிய தொட்டியும் அடைமழையில் வழியத்தான் செய்யும்.

வழியும் நீர் எங்கே போக வேண்டும் என்பதைக் கரையின் மண்தான் முடிவு செய்யும். மணல்மேட்டுக் குப்பங்களில் கடைக்காலிலிருந்து சில மீட்டர் தள்ளி, கூழாங்கல் நிரப்பிய குழியில் விட்டால் அது ஊற்று நீரோடு சேரும். கழிவறைக் குழி பக்கத்தில் இருக்கக்கூடாது. ஏரியை ஒட்டிய சேற்று நிலத்தில் குழி பயன்படாது. அங்கே ஓவர்ஃப்ளோக்களை ஒரே கால்வாயில் இணைத்து ஊர்க்குளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் குளத்துக்கும், ஏரிப் பக்கம் உப்புநீர் ஏறிவராத உயரத்தில், ஒரு கலங்கல் வைக்க வேண்டும்.