திறந்த போட்டியும் மூடிய கதவும்
நேட்டால் கோல்ப் சுற்றுப்போட்டி உணர்த்தும் வரலாறு

விளையாட்டு வரலாறு என்றதும் வெற்றி பெற்றோரின் பட்டியலே பலருக்கு நினைவில் எழும். பெருஞ் சுற்றுப்போட்டிகளின் வரலாறு பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டும் வந்துள்ளது. ஆயின் ஒரு சமுதாயத்தின் இயல்பை அறிய விழைவோருக்கு இரண்டாம் நிரையில் வைத்து எண்ணப்படும் மாகாணப் போட்டிகள் கூடுதலாக உதவக்கூடும். உலகின் பார்வை படாத இடத்தில் ஒரு சமுதாயம் தன் வழமைப்படியே நடந்துகொள்கின்றது. தென்னாபிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் நடைபெற்ற திறந்த கோல்ப் சுற்றுப்போட்டி இதற்குத் தக்க சான்றாகும்.

ஸ்கொத்லாந்தில் வளர்ந்த கோல்ப் ஆட்டம் பிரித்தானியரின் ஆட்சியோடு உலகெங்கும் பரவியது. கல்கத்தாவில் 1829இலும் கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் கோல்ப் கழகங்கள் தோன்றின. இக்கழகங்களுக்குப் புற்றரையைப் போலவே கழக மண்டபமும் இன்றியமையாததாயிற்று. ஆட்டம் முடிந்தபின் ஆளும் வர்க்கத்தினர் கூடியிருந்து உண்டும் உரையாடியும் தம் உறவுகளை வளர்த்துக்கொண்ட இடம் அதுவே. புற்றரையில் புல் வெட்டவும் ஆடுவோரின் மட்டைப் பைகளைச் சுமக்கவும் சுதேசிகள் தேவைப்பட்டனர். மண்டபத்தினுள்ளோ ஏவலாளராக அன்றி அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

'திறந்த போட்டி' என்னும் தொடரின் பொருள் இங்கு நோக்கத்தக்கது. பொழுதுபோக்காக ஆடும் கனவான்களும், ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறை ஆட்டக்காரரும் ஒருங்கே பங்குகொள்ளலாம் என்பதே கோல்ப் உலகில் அத்தொடரின் பொருள். ஆனால் திடல் திறந்திருந்த காலத்திலும் மண்டபம் தொழில்முறையாளருக்கு மூடியே இருந்தது. 1920இல் இங்கிலாந்தின் டீல் நகரில் பிரித்தானியத் திறந்த போட்டி நடைபெற்றபோது, அமெரிக்க ஆட்டக்காரரான வால்ட்டர் ஹேகன் கழக மண்டபத்தில் உடைமாற்ற அனுமதிக்கப்படவில்லை. அவர் ஆடம்பர மோட்டார் வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்தி, மண்டப வாயிலிலேயே நிறுத்தி, அதனைத் தம் உடைமாற்றும் அறையாக்கிக்கொண்டார். உழைத்துப் பிழைப்போன் கனவானுக்குச் சமமாகான் என்ற எண்ணமே அங்கு கதவை அடைத்தது. பின்னர் நேட்டாலில் நிறத்தின் பெயரால் அடைக்கப்பட்ட கதவும் இதன் வழி வந்ததே எனலாம்.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பலான 'துரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினராவர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க விரும்பியோர் மீது மூன்று பவுண் தலைவரி விதிக்கப்பட்டது. 1913இல் காந்தியடிகளின் தலைமையில் எழுந்த போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை போன்ற தமிழர் சிறை சென்றதை நாம் அறிவோம். அவ்வரி நீங்கியது, ஆனால் ஒதுக்கல் நீங்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குழுப் பிரதேசச் சட்டமும் 1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் பற்றிய சட்டமும், யார் எங்கு வாழலாம், எந்த ஆசனத்தில் அமரலாம் என்பவற்றை நிறங்கொண்டு வகுத்தன.

இச்சூழலிற் பிறந்தவரே 'பப்வா' எனப்பட்ட செவ்சங்கர் செவ்கோலம். 1928இல் டர்பனில் இந்திய வம்சாவளிக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், பீச்வுட் கழகத்தில் வெள்ளையரின் மட்டைப் பைகளைச் சுமந்து பிழைத்தவர். ஆட்டத்தை எவரும் இவருக்கு முறையாகக் கற்பிக்கவில்லை. வலக்கை ஆட்டக்காரர் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைத்து மட்டையைப் பிடிப்பதே மரபு. செவ்கோலமோ கைகளை மாற்றிப் பிடித்தார். ஆசான் இன்றித் தாமே பயின்றமைக்கு அப்பிடியே அடையாளமாயிற்று. இவரது திறனைக் கண்ட டர்பன் இரசாயனவியலாளர் கிரஹாம் வுல்ப், 1959இல் இவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே செவ்கோலம் ஒல்லாந்தின் திறந்த போட்டியில் வாகை சூடினார். 1960இலும் 1964இலும் அப்பட்டத்தை மீண்டும் வென்றார். ஐரோப்பிய நாடொன்றின் பட்டத்தை வென்றவருக்குத் தாம் பிறந்த நாட்டின் வெள்ளையர் போட்டிகளில் ஆடுவதற்கு அரசின் இசைவு வேண்டியிருந்தது.

நேட்டால் திறந்த போட்டி தென்னாபிரிக்கத் திறந்த போட்டிக்கு அடுத்த நிரையில் எண்ணப்பட்ட மாகாணப் போட்டிகளுள் ஒன்று. 1963 ஜனவரியில் டர்பன் கண்ட்ரி கழகத் திடலில் நடைபெற்ற அப்போட்டியில் செவ்கோலம் வெற்றி பெற்றார். பரிசளிப்பு வேளையில் மழை பெய்தது. வெள்ளை ஆட்டக்காரர் மண்டபத்தினுள் ஒதுங்கியிருந்தனர்; வெற்றி வீரரோ மழையில் நனைந்தவாறு வெளியே நின்று கிண்ணத்தைப் பெற்றார். அக்காட்சியின் நிழற்படம் உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. மாகாண எல்லைக்கு அப்பால் எவரும் பொருட்படுத்தாத ஒரு போட்டி, அதன் பரிசளிப்பினால் உலகறிந்ததாயிற்று.

அதே 1963இல் தென்னாபிரிக்கத் திறந்த போட்டியிலும் இவர் இரண்டாம் இடத்தைப் பெற்றார். 1965இல் நேட்டால் பட்டத்தை மீண்டும் வென்றபோது, இவரிடம் தோல்வியுற்றோருள் கரி பிளேயரும் ஒருவர். அவர் அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்கத் திறந்த போட்டியையும் வென்று, கோல்ப் உலகின் நான்கு பெரும் பட்டங்களையும் பெற்றவராய்த் திகழ்ந்தவர். வெள்ளையரே திறனில் மேம்பட்டோர் என்ற கொள்கைக்கு இவ்வெற்றி நேரான மறுப்பாயிற்று. அரசு அதற்கு ஆட்டத்தால் விடையளிக்கவில்லை. வெள்ளையர் பங்குகொள்ளும் போட்டிகளில் ஆடுவதற்குச் செவ்கோலத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது, கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. உள்நாட்டில் ஆடவும் வெளிநாடு செல்லவும் இயலாதவராகி, 1978இல் அவர் வறுமையில் மறைந்தார். பிற்காலத்தில் டர்பன் நகரின் பொதுக் கோல்ப் திடலொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

எனினும் நிறவெறிக்கெதிரான விளையாட்டுப் புறக்கணிப்பு இயக்கத்துக்கு அம்மழைக்காட்சி கருவியாயிற்று. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாபிரிக்காவுக்கு இடமளிக்கப்படவில்லை. 1970இல் அது ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. இக்குறை தென்னாபிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைக் கோல்ப் சங்கமும் வெள்ளையரை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை 1961 வரை பேணிவந்தது.

டர்பன் நகரைத் தொலைவில் வைத்துப் பார்த்துக் கண்டனம் கூறுதல் எளிது. நமது தெல்லிப்பழையின் வரலாறு அந்த எளிமையை நமக்கு அனுமதிப்பதில்லை. தெல்லிப்பழைப் பிரிவில் அடங்கும் மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயிலில் 1968ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசம் கோரி நின்ற ஒடுக்கப்பட்ட மக்கள் வழிமறிக்கப்பட்டனர். வீதியில் நின்று வணங்கலாம், உள்ளே வரலாகாது என்பதே வழிமறித்தோரின் நிலைப்பாடாக இருந்தது. அந்நிகழ்ச்சியிலிருந்து எழுந்த வழக்கொன்று இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. மழையில் நின்ற ஆட்டக்காரரும் வெயிலில் நின்ற அடியாரும் ஒரே கதவின் வெளிப்புறத்திலேயே நின்றனர்.

எனினும் இவ்விரண்டுக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. அதுவே நம்மைக் கூடுதலாகச் சிந்திக்கச் செய்வது. நேட்டாலில் கதவை அடைத்தது சட்டம். தாமாகத் திறக்க எண்ணிய கழகத்தாரும் அச்சட்டத்தைக் காரணங் காட்டியிருக்க முடியும். இலங்கையிலோ 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருந்தது. சட்டம் வெளியே நின்றவரின் பக்கம் இருந்தபோதும் பதினோராண்டுகளுக்குப் பின் கதவு அடைபட்டதெனின், அடைத்த கைகள் சமுதாயத்தின் கைகளே. டீல் நகரில் ஹேகனைத் தடுத்ததும் அத்தகைய வழமையே. அங்கும் எந்தச் சட்டமும் அதனைக் கட்டாயப்படுத்தவில்லை.

தென்னாபிரிக்காவின் நிறவெறிச் சட்டங்கள் 1990களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டன. ஒரு நாட்டின் பாராளுமன்றம் ஒரு நாளில் சட்டத்தை மாற்றிவிடலாம். வழமையை அவ்வாறு ஒரு நாளில் மாற்றுதல் இயலாது. எனவே ஒரு போட்டியோ கோயிலோ கல்விக்கூடமோ தன்னை 'எல்லோருக்கும் திறந்தது' என அறிவிக்கும்போது, அதன் வாயிலில் எழுதப்பட்டிருப்பதை மட்டும் வாசித்து அமைதல் போதாது. மழை பெய்யும் வேளையில் வெளியே நிற்பவர் யார் என்பதையும் வரலாற்று மாணவன் நோக்குதல் வேண்டும்.