இடத்தேர்வு மாதிரிகள்

இடத்தேர்வு மாதிரி என்பது, குடியிருப்பு, வேலை, சந்தை, தொழிற்சாலை ஆகியவற்றுக்காக மக்களும் நிறுவனங்களும் பல இடங்களுள் ஒன்றைத் தெரிவு செய்வதைப் புள்ளியியல் வழியே விளக்கி, ஒவ்வோர் இடமும் தெரிவாகும் நிகழ்தகவைக் கணிக்கும் கணித வடிவமாகும். இத்துறை, கூட்டத்தின் போக்குவரவை எண்ணுவதில் தொடங்கி, தனிமனிதர் சீர்தூக்கிப் பார்ப்பதை அளப்பதாக வளர்ந்தது.

1885-இல் ராவென்ஸ்டைன், பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு, இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் குறைந்த தொலைவே செல்கின்றனர் எனக் காட்டினார். 1931-இல் வில்லியம் ரெய்லி, நியூட்டனின் ஈர்ப்பு விதியை ஒட்டி, இரு நகரங்களுக்கு இடைப்பட்ட ஊரின் வணிகம் அந்நகரங்களின் மக்கள்தொகைக்கு நேர்விகிதத்திலும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் பிரியும் என்றார். 1960களில் டேவிட் ஹஃப் இதனை நிகழ்தகவாக மாற்றினார்: ஓரிடத்தின் அளவைத் தொலைவின் அடுக்கால் வகுத்துக் கிடைக்கும் ஈர்ப்பு, எல்லா இடங்களின் மொத்த ஈர்ப்பில் எத்தனை பங்கோ, அதுவே அவ்விடம் தெரிவாகும் வாய்ப்பு. ஒரே அளவுள்ள இரு சந்தைகள் 10, 20 கிலோமீட்டர் தொலைவில் இருந்து, அடுக்கு 2 ஆயின், அருகிலுள்ளதற்கு 80 விழுக்காடும் மற்றதற்கு 20 விழுக்காடும் கிடைக்கும்.

எனினும் எவ்விடங்கள் உண்மையில் போட்டியிடுகின்றன என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். அவ்வாறு போட்டியிடும் இடங்களின் தொகுப்பே தெரிவுத் தொகுதி எனப்படும். கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையிலுள்ள குந்தாரப்பள்ளியின் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமையும், போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமையும் கூடுவதால், ஒரு வியாபாரி ஒரே வாரத்தில் இரண்டுக்கும் செல்லலாம். தொலைவை மட்டும் அளக்கும் மாதிரி அவற்றைப் போட்டியாளர்களாகவே கொள்ளும்.

1974-இல் டேனியல் மெக்ஃபாடன் முன்வைத்த நிபந்தனை லாஜிட் மாதிரி, தெரிவு செய்பவர் அடையும் பயன்பாட்டை, அதாவது மனநிறைவை, அளக்கத்தக்க கூறு, ஆய்வாளருக்குப் புலப்படாத தற்செயல் கூறு என இரண்டாகப் பிரித்தது. இவ்வழி ஆய்வுகளுக்காக அவர் 2000-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புதிய இடமொன்று சேர்ந்தால் அது மற்ற எல்லா இடங்களின் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைக்கும் என அம்மாதிரி கொள்வது அதன் குறை. ஓசூரில் புதிய குடியிருப்பு எழுந்தால், அது பெங்களூரை விரும்புவோரைவிட ஓசூரின் பிற பகுதிகளை நாடுவோரையே மிகுதியாக ஈர்க்கும் எனலாம். ஆகவே முதலில் நகரம், பின்னர் அதனுள் பகுதி எனப் படிநிலையாகக் கணிக்கும் அடுக்கு லாஜிட் உருவானது; 1978-இல் மெக்ஃபாடன் குடியிருப்புத் தேர்வையே இவ்வகையில் ஆராய்ந்தார்.

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள ஓசூரில் தமிழ்நாடு அரசின் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், 1980-இல் அசோக் லேலண்டும், அப்பதிற்றாண்டில் டைட்டனும் உற்பத்தி தொடங்கின. நிலவிலை, அரசுச் சலுகை, பெருநகர அண்மை ஆகியவை நிறுவனத்தின் பயன்பாட்டுக் கூறுகளாக அமைகையில், ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையிலான மாநில எல்லையைக் கடந்து வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு வீட்டு வாடகை, பயண நேரம், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பயிற்றுமொழி ஆகியவை கூறுகளாகின்றன. இதனால் இத்தகைய பகுதிக்கான மாதிரியில் மாநில எல்லை, கிலோமீட்டரில் அடங்காத தனி மாறியாகச் சேர்க்கப்பட வேண்டியதாகிறது.