பறை: கைவிட்டதும் கைக்கொண்டதும்

பறை என்னும் சொல்லுக்குப் பேசுதல், அறிவித்தல் என்னும் பொருள்களும் உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் சேர்த்து எண்ணுகின்றது. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் என்போரோடு பறையனையும் ஒரு குடியாகக் கூறுகின்றது. இத்துணைத் தொன்மையுடைய கருவி பிற்காலத்தில் இழிவின் சின்னமாக ஆக்கப்பட்டது. நம் முன்னோர் அதனைக் கைவிட்டனர்; நம் பிள்ளைகள் மீண்டும் கைக்கொண்டனர். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரணா என்பதே இக்கட்டுரையின் வினா.

ஊரில் ஒருவர் இறந்தால் சேரியார் சென்று பறையடித்தல் வேண்டும். அஃது அழைப்பு அன்று, கட்டளை. கூலி பேசும் உரிமை இல்லை. கொடுத்ததைப் பெற்றுத் திரும்ப வேண்டும். மறுத்தவருக்கு வயலில் வேலை மறுக்கப்பட்டது. ஆயினும் மறுத்தனர். தென்னார்க்காடு மாவட்டத்தில் இம்மறுப்பை இயக்கமாக வளர்த்தவர்களுள் தலையாயவர் எல். இளையபெருமாள். 1952இல் முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், தீண்டாமையை ஆராய 1965இல் நடுவண் அரசு அமைத்த குழுவின் தலைவராய் விளங்கி, 1969இல் அறிக்கை அளித்தார். பறையை இறக்கி வைத்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சிலேட்டை ஏந்திப் பள்ளிக்கு வந்தனர். நம்மைப் போன்ற கல்விக் கழகங்கள் அம்மறுப்பின் மீதே எழுந்தன.

அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டிய 1990களில் காலம் திரும்பியது. 'கருக்கு' என்னும் தன்வரலாற்று நூலை 1992இல் பாமா வெளியிட்டார். பிறர் எழுத்தில் வந்துபோனவர்கள் தம் கதையைத் தாமே சொல்லத் தொடங்கினர். பாடகரும் ஆய்வாளருமான கே. ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாடலையும் நாடகத்தையும் விடுதலைக் குரலாக்கினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில், பறையைத் தொடவும் வாய்ப்பற்றிருந்த இளம்பெண்கள் அடவு கட்டி ஆடினர். இடக்கையில் சிண்டுக்குச்சியும் வலக்கையில் அடிக்குச்சியும் ஏந்தி அவர்கள் நின்ற இடம் இழவு வீடு அன்று, மேடை.

வெகுமக்கள் கலைகளிலும் இம்மாற்றம் புகுந்தது. 2018 சனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு பறையையும் கானாவையும் கிட்டாரையும் ஒரே மேடையில் இணைத்தது. அதன் பின்னணியில் நின்றவர் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித். அதே ஆண்டில் வந்த மாரி செல்வராசின் 'பரியேறும் பெருமாள்' படத்தில், சட்டம் பயிலும் மாணவனின் தந்தை பெண்வேடமிட்டு ஆடும் நாட்டுப்புறக் கலைஞர். மகன் பயிலும் இடத்திலேயே அவர் இழிவுபடுத்தப்படுகின்றார். பட்டம் பெறச் சென்ற மகனும் ஆடிப் பிழைத்த தந்தையும் ஒரே அவமதிப்பைச் சுமப்பதை அப்படம் காட்டியது. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

எனினும், "நாங்கள் பட்ட பாடு போதும்; பிள்ளைகள் கையில் மீண்டும் அதைக் கொடுக்காதீர்" என்று கூறும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்தம் சொல்லைப் புறந்தள்ளுதல் முறையன்று. மேடையில் எழும் கைதட்டல் சிற்றூரில் கட்டாயத்தைத் தானாகவே ஒழித்துவிடாது. ஆகவே அளவுகோல் ஒன்று வேண்டும். அடிப்பவன் 'வரமாட்டேன்' என்று சொல்ல முடியுமா? தன் ஊதியத்தைத் தானே கூற முடியுமா? முடியுமாயின் அது கலை; முடியாதாயின் அது அடிமைத்தொழிலே. கைவிட்டவர் நாடியதும் கைக்கொண்டவர் நாடியதும் அந்த உரிமை ஒன்றே.

நம் மாணவர்கட்கு ஒரு கடமை உண்டு. ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி, காலத்திற்கேற்பப் பிறந்த சினிமா அடி என அடிவகைகள் பல. அவற்றை அறிந்த முதியவர்கள் குறைந்து வருகின்றனர். அவர்களிடம் அமர்ந்து அடிகளைக் கேட்டு எழுதுங்கள். அவற்றை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். இரண்டும் சேர்ந்ததே நம் வரலாறு.