கோவர்தனத்து நெசவாளர்

நாசிக் நகருக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டைக் கண்டு திரும்புகின்றனர்: கோதாவரியின் ராம்குண்டப் படித்துறை, மேற்கே விரியும் திராட்சைத் தோட்டங்கள். 'இந்தியாவின் ஒயின் தலைநகர்' என்னும் புகழ் அண்மையது. சுலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000இல்தான் வெளிவந்தது. ஆனால் அத்தோட்டம் அமைந்துள்ள கோவர்தன் என்னும் ஊர்ப்பெயர் ஏறத்தாழ 1,900 ஆண்டுப் பழமையுடையது.

நகருக்குத் தெற்கே, பாண்டவ்லேணிக் குன்றின் 10ஆம் குகையில், நகபானனின் மருமகன் உஷவதாதனின் பிராகிருதக் கல்வெட்டு உள்ளது. அவன் 3,000 கார்ஷாபணங்களைக் கோவர்தனத்து நெசவாளர் குழுக்கள் இரண்டிடம் வைப்பாக அளித்தான். 2,000க்கு மாத வட்டி நூற்றுக்கு ஒன்று. எஞ்சிய 1,000க்கு நூற்றுக்கு முக்கால். முதலைத் திருப்பித் தர வேண்டியதில்லை. வட்டி மட்டுமே துய்க்கத்தக்கது. முதல் வைப்பின் ஆண்டு வட்டி 240. குகையில் மழைக்காலம் தங்கும் 20 பிக்குகளுக்கு ஆளுக்கு 12 வீதம் அது ஆடைக்கானது. இவ்வறம் நிகமசபையில் அறிவிக்கப்பட்டுப் பதிவும் செய்யப்பட்டது.

பின்னர்க் கௌதமிபுத்திர சதகர்ணி நகபானனை வென்றான். உஷவதாதன் வசமிருந்த நிலத்தைத் தன் கொடையாகத் துறவியருக்கு வழங்கினான். அதுவும் அதே குன்றில், 3ஆம் குகையில் பொறிக்கப்பட்டுள்ளது.

கொடுத்த இருவர் பெயரும் பாறையில் நிற்கின்றன. பணத்தைக் காத்து, தறியில் உழைத்து, வட்டி செலுத்திய நெசவாளருள் ஒருவர் பெயரும் அங்கில்லை. ஆயினும் என்றென்றைக்குமான அறத்தை நிறுவ விரும்பிய அரசகுலத்தான் நம்பியது தன் கருவூலத்தை அன்று, அவர்களின் குழுவையே.